சேது காவல்: பாலங்களும் கலங்களும்

நீரைக் கடத்தற்கு மாந்தர் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று கலம், மற்றது பாலம். இவற்றுட் கலம் முந்தியது, பாலம் பிந்தியது. கலத்திற் செல்வோர் நீரின் வழியே நெடுகச் செல்வர்; பாலத்திற் செல்வோர் அந்நீரைக் குறுக்கறுத்துச் செல்வர். ஆதலின் இவ்விரு வழிகளும் யாதானும் ஓரிடத்திற் சந்தித்தே தீரும். சந்திக்குமிடத்து ஒன்றற்கொன்று இடங்கொடாதாயின் மோதல் நேரும். அம்மோதலிற் பெரிதும் அழிவது பாலமே. பாலத்தோடு அழிவோர், அம்மோதலுக்கு எவ்வாற்றானும் காரணராகாத வழிப்போக்கர். அவர்தம் உயிரைக் காத்தற்பொருட்டுப் பொறியியலாரும் அரசினரும் செய்தன யாவை, செய்யத் தவறியன யாவை என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தூரிலிருந்து மீசாலைக்குச் செல்லும் வீதி உப்பாற்றுக் கடனீரேரியைக் கடக்குமிடத்தில் நின்று நோக்குவார்க்கு இவ்வாராய்ச்சி வேண்டாத ஒன்றாகத் தோன்றலாம். அங்கே மாரியில் ஆழமற்ற நீரும், கோடையில் உப்புப் பூத்த தரையுமே காணப்படும். சிறு தோணிகளும் வலை வீசுவோருமன்றி அப்பாலத்தை அணுகுவார் இலர். பண்ணைத் தாம்போதிக்கும், ஆனையிறவுப் பாதைக்கும், 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்திற்கும் இஃது ஒக்கும். குடாநாட்டுப் பாலங்களுக்குக் கடலின் ஆழமின்மையே காவலாக அமைந்துள்ளது. ஆயினும் பாலம் என்னும் பொருள் தரும் சேது என்னும் சொல் நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தம் நாணயங்களிற் சேது என்னும் மொழியைப் பொறித்தனர். எதிர்க்கரையில் இராமநாதபுரத்து மன்னர் சேதுபதி எனப் பெயர் பூண்டனர். சேதுவைக் காத்தலும், சேதுவை நாடிச் செல்வோரைக் காத்தலும் அரச கடமையாகக் கருதப்பட்ட நிலப்பகுதி இது. எனவே பாலத்தைக் காத்தல் எவ்வாறு என்னும் வினாவை நாம் எழுப்புதல் பொருத்தமேயாம்.

இந்திய வரலாற்றில் இவ்வினா முதன்முதல் வன்மையாக எழுந்த இடங்களுள் ஒன்று கல்கத்தா நகரமாகும். அங்கே ஊக்ளி ஆற்றின்மேல் சேர் பிறட்போட் லெஸ்லி என்னும் பொறியியலாளர் 1874ஆம் ஆண்டு மிதவைப் பாலமொன்றை அமைத்தார். வேலை முற்றுப்பெறுமுன், அவ்வாண்டு மார்ச் 20ஆந் திகதி வீசிய சூறாவளியில் எகேரியா என்னும் நீராவிக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு வந்து பாலத்தில் மோதிற்று. மூன்று மிதவைகள் அமிழ்ந்தன. ஏறக்குறைய 200 அடி நீளத்துக்குப் பாலம் சிதைந்தது. சிதைந்தவற்றைத் திருத்தி அவ்வாண்டு ஒக்டோபரிற் பாலத்தைத் திறந்தனர். கப்பல் செல்லும்போது பாலத்தின் நடுப்பகுதியை விலக்கி வழிவிடுதலும், பின் சேர்த்து வண்டிகளுக்கு வழிவிடுதலும் அங்கே வழக்கமாயின. பல்லாண்டு சென்றபின் அதற்குப் பதிலாக எழுந்ததே 1943ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி திறக்கப்பட்ட ஹௌராப் பாலம். இதன் நடுக்கண் 1,500 அடி அகலமுடையது. ஆற்றினுள்ளே ஒரு தூணும் இல்லை. தூணில்லாத இடத்தில் தூணிற் கலம் மோதுமாறில்லை. ஆயினும் 2005ஆம் ஆண்டு, நீர்மட்டம் உயர்ந்திருந்த வேளையிற் சென்ற சரக்குக் கலமொன்றின் புகைபோக்கி அப்பாலத்தின் அடிப்பகுதியிற் சிக்கிச் சேதம் விளைத்தது. பக்கத்துக்குக் காவல் செய்தால் மட்டும் போதாது, உயரத்துக்கும் கணக்கு வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இனி நம் கடலுக்கு வருவோம். பாக்கு நீரிணைக்கும் மன்னார்க் குடாவுக்கும் இடையே கரையோரக் கலங்கள் செல்லுதற்குரிய உள்வழி பாம்பன் கால்வாயாகும். அவ்வழியை விட்டால் இலங்கையைச் சுற்றியே செல்லல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து ஆங்கில அரசினர் அங்கிருந்த பாறைகளை உடைத்து வழியை ஆழப்படுத்தினர். பின்னர் இந்தியாவையும் இலங்கையையும் இருப்புப்பாதையால் இணைக்கும் எண்ணம் எழுந்தது. முழுக்கடலுக்கும் பாலமிடுதல் பெருஞ்செலவாகுமென்று கண்டு, பாம்பன்வரை பாலமும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார்வரை கப்பலும் என வகுத்தனர். அவ்வாறு எழுந்த பாம்பன் புகையிரதப் பாலம் 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 2 கிலோமீற்றர். கண்கள் நூற்று நாற்பதுக்கு மேற்பட்டவை.

இருப்புப்பாதைக்கு இடங்கொடுத்த அப்பாலம் கலங்களுக்கும் இடங்கொடுத்தாக வேண்டியிருந்தது. இதற்காகக் கால்வாயின்மேல் அமைந்த கண்ணை மட்டும் திறந்து மூடத்தக்கதாக ஆக்கினர். அமெரிக்கப் பொறியியலாளர் வில்லியம் சேர்சர் கண்ட முறைப்படி, இரண்டு இரும்புச் சிறகுகள் ஆடுநாற்காலி பின்னே உருளுமாறுபோல உருண்டு மேலெழுந்தன. தொழிலாளர் கையாற் சக்கரத்தைச் சுழற்றியே அவற்றைத் திறந்தனர். கலங்கள் ஒரு பக்கத்தில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும்; திறந்தபின் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்லும். இஃது ஓர் ஒப்பந்தம் போல்வது. கலம் பொறுமையைக் கொடுத்தது; பாலம் வழியைக் கொடுத்தது. ஆயின், காத்திருக்குங் கலம் நங்கூரமறுத்து நீரோட்டத்தோடு வருமாயின் யாது செய்வது என்பதற்கு அவ்வொப்பந்தத்தில் விடையில்லை. அக்காலத்துக் கலங்கள் சிறியன. ஆதலின் அவ்வினாவும் சிறிதாகவே தோன்றிற்று.

1964ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுறை குறிக்கத்தக்கது. அவ்வாண்டு டிசெம்பர் 22ஆந் திகதி இரவு எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றிச் சென்ற புகையிரதத்தைக் கடல் கொண்டது. பாம்பன் பாலத்தின் நூற்றுக்கு மேற்பட்ட உத்தரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. திறந்து மூடும் நடுக்கண் மட்டும் நிலைத்து நின்றது. பின்னாளிற் கொங்கண் இருப்புப்பாதையாலும் டில்லி மெற்றோவாலும் புகழ்பெற்ற ஈ. சிறீதரன் அவர்கள் அப்பொழுது இளம் பொறியியலாளர். கடலிற் கிடந்த உத்தரங்களை எடுத்து மீளப் பொருத்தி 46 நாள்களிற் பாலத்தைச் செப்பனிட்டார். புயலைப் பற்றி உலகம் அறிந்தது. அதே ஆண்டு ஏப்பிரல் 6ஆந் திகதி, தென்னமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டில், மரக்காய்போ ஏரியின்மேல் இரண்டாண்டுகளுக்கு முன் கட்டிமுடித்த பெரும் பாலத்தில் எண்ணெய்க் கப்பலொன்று மோதியது. கப்பலின் மின்னியக்கம் பழுதுபட, சுக்கான் கட்டுக்கு அடங்காதாயிற்று. கப்பல் செல்லுதற்கென விடுத்த நடுக்கண்ணை விட்டு நெடுந்தூரம் விலகிச் சென்று, காவலற்ற பக்கத்துத் தூண்களை அது வீழ்த்தியது. ஏழு பேர் இறந்தனர். வழிதவறிய கலம் வழியிலுள்ள தூணையே தேடி மோதும் என்று கொள்ளுதல் பேதைமை என்பது அன்று விளங்கியது. விளங்கியதை உலகம் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்த பாடம் அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. 1975ஆம் ஆண்டு ஜனவரி 5ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, தஸ்மேனியத் தீவின் தலைநகராகிய ஹோபாட்டில், நாகத் தாது ஏற்றிச் சென்ற லேக் இலவாரா என்னுங் கப்பல் தஸ்மன் பாலத்தின் தூண்களில் மோதியது. இரண்டு தூண்களும் மூன்று கண்களும் கப்பலின்மேல் வீழ்ந்தன. கப்பல் அங்கேயே அமிழ்ந்தது. கப்பலோர் எழுவரும் வாகனங்களில் வந்தோர் ஐவருமாகப் பன்னிருவர் மாண்டனர். அந்நகரத்தின் கீழ்க்கரையில் வாழ்வோர்க்குத் தொழிலும் வைத்தியசாலையும் கல்விக்கூடங்களும் பெரும்பாலும் மேற்கரையிலேயே இருந்தன. சில நிமிடங்களிற் கடந்த தூரத்தை அவர்கள் சுற்றுவழியாலோ படகாலோ கடக்க நேர்ந்தது. 1977ஆம் ஆண்டு ஒக்டோபரிலேயே பாலம் மீளத் திறக்கப்பட்டது. ஒரு பாதை அறுந்தால் வாழ்வு எவ்வாறு அறும் என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடந்த தலைமுறை நம்மிடையே இன்றும் வாழ்கின்றது. பாலம் என்பது கல்லும் இரும்பும் மட்டுமன்று என்பதை அத்தலைமுறை அறியும். இன்று பெருங்கப்பல்கள் தஸ்மன் பாலத்தின் கீழே செல்லும்போது மேலே வாகனப் போக்குவரத்தை நிறுத்திவைக்கின்றனர். எளிய ஏற்பாடே; எனினும் உயிர்காக்கும் ஏற்பாடு.

1980ஆம் ஆண்டு இரண்டு பேரிடர்கள் நேர்ந்தன. ஜனவரி 18ஆந் திகதி சுவீடன் நாட்டில் அல்மோ பாலத்தின் வளைவிற் கப்பலொன்று மோதிப் பாலம் வீழ்ந்தது. இருளிற் பாலம் இல்லையென்பதை அறியாது வந்த வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் வீழ எட்டுப்பேர் இறந்தனர். மே 9ஆந் திகதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற் சன்சைன் ஸ்கைவே என்னும் பாலத்தை, திடீரென எழுந்த மழைப்புயலில் வழி காணாது வந்த சமிட் வெஞ்சர் என்னுங் கப்பல் தாக்கியது. பஸ் ஒன்றும் சில மோட்டார் வண்டிகளும் வீழ்ந்து 35 பேர் மாண்டனர். இவ்விரண்டின் பின்னரே அறிஞர் விழித்தனர். 1983ஆம் ஆண்டு கொப்பன்ஹேகன் நகரில் இப்பொருள் பற்றியே அனைத்துலகப் பொறியியலார் கூடி ஆராய்ந்தனர். 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்கென வழிகாட்டு விதிகள் வெளியாயின. அதுகாறும் பாலமமைப்போர் பாரத்தையும் காற்றையும் வெள்ளத்தையும் கணக்கிட்டனர்; கலத்தின் மோதலைக் கணக்கிட்டார் மிகச் சிலரே.

கலத்தின் மோதலை ஏன் கணக்கிடல் வேண்டுமென்பதைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். இயக்கசக்தி நிறையோடு நேராகவும், வேகத்தின் வர்க்கத்தோடும் வளரும். 1,000 தொன் நிறையுள்ள புகையிரதம் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். 1,00,000 தொன் நிறையுள்ள கப்பல் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது சைக்கிளில் ஒருவர் செல்லும் வேகத்தில், நகர்வதாகக் கொள்வோம். நிறை நூறு மடங்கு. வேகம் ஐந்திலொரு பங்கு. ஆகவே கப்பலின் இயக்கசக்தி புகையிரதத்தினதைப் போல நான்கு மடங்காகும். கண்ணுக்கு அசைவதே தெரியாதவாறு நகரும் கப்பல், விரைந்து பாயும் புகையிரதத்தினும் கொடியது. அதனைத் தூண் ஒன்று தனித்து நின்று தடுத்தல் அரிது.

ஆதலின் அறிஞர் கண்ட காவல்முறைகள் பல. முதலாவது, தூணை நீரினின்றும் அகற்றுதல். வீழ்ந்த அல்மோ பாலத்திற்குப் பதிலாக 1981ஆம் ஆண்டு எழுந்த பாலத்தின் கோபுரங்களைக் கரையிலேயே நாட்டினர். இரண்டாவது, தூணைச் சுற்றிக் கல்லும் மணலுங் கொட்டிச் செயற்கைத் தீவு அமைத்தல். கலம் தூணை அடையுமுன் தரைதட்டி நிற்கும். நம் கடனீரேரிகளில் இயற்கை செய்துவைத்த காவலை ஆழ்கடலில் மனிதன் செய்துகொள்ளும் முறை இது. மூன்றாவது, தூணுக்குச் சிறிது தூரத்தே தனித்த காவற்றூண்களை நிறுத்துதல். இரும்புத் தகடுகளை வட்டமாக அடித்திறக்கி உள்ளே கல்லும் மணலும் நிரப்பி அவற்றை ஆக்குவர். கலம் அவற்றில் மோதித் திசைதிரும்பும் அல்லது நிற்கும். 1987ஆம் ஆண்டு எழுந்த புதிய சன்சைன் ஸ்கைவே பாலத்தைச் சூழ இத்தகைய காவற்றூண்கள் 36 நிறுவப்பட்டன. நான்காவது, மரத்தாலும் றப்பராலும் தூணுக்குக் கவசமிடுதல். இது சிறு கலங்களுக்கே போதியது. ஐந்தாவது, கலத்தையே ஆளுதல். வேகத்தைக் கட்டுப்படுத்தல், இழுவைக் கப்பலைத் துணைக்கு விடுதல், வழியறிந்த மீகாமனை ஏற்றுதல், கொடுங்காற்றில் வழியை மூடுதல் என்பன இதனுள் அடங்கும்.

புகையிரதப் பாலங்களுக்கு மேலும் ஓர் ஆபத்துண்டு. 1993ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பனிமூட்டத்தில் வழிதவறிய சிறிய இழுவைக் கலமொன்று, தான் தள்ளிச் சென்ற மிதவைகளைப் பாலமொன்றின்மேல் மோதிற்று. பாலம் வீழவில்லை, ஏறக்குறைய மூன்றடி மட்டுமே விலகிற்று. தண்டவாளம் வளைந்ததேயன்றி அறவில்லை. ஆதலாற் செம்மைக்குறி எரியவில்லை. சில நிமிடங்களில் வந்த புகையிரதம் நீரில் வீழ்ந்து 47 பேர் மாண்டனர். முற்காலத்தில் திருப்பத்தக்கதாக அமைத்த அப்பாலத்தின் கண்ணை அசையாவாறு பின்னர் பொருத்தாது விட்டதே பெருங்குறையாயிற்று. இங்ஙனம், வீழ்ந்த பாலத்தினும் விலகிய பாலம் கொடிதாதலும் உண்டு.

இதனை மனத்திற்கொண்டே பாம்பனில் 2013ஆம் ஆண்டு நேர்ந்ததை நோக்கல் வேண்டும். அவ்வாண்டு ஜனவரி 13ஆந் திகதி, இந்தியக் கடற்படைக்குரிய மிதவைக் கலமொன்று பாலத்தின் தூணில் மோதிச் சேதம் விளைத்தது. இராமேஸ்வரத்துக்கான புகையிரதப் போக்குவரத்தை நிறுத்திப் பழுதுபார்த்த பின்னரே மீளத் தொடங்கினர். உயிர்ச்சேதம் இல்லை; சேதமும் சிறிதே. எனினும் இதிற் கற்கத்தக்கது பெரிது. பெருங்கப்பல் பாம்பனை அணுகாது. ஆழமின்மை அதனைத் தடுக்கும். ஆனால் மிதவைக் கலம் அடி தட்டையானது. சிறிது நீரிலும் மிதக்கும். தானே இயங்கும் ஆற்றலின்றி இன்னொரு கலத்தால் இழுக்கப்படுவது. கயிறறுந்தால் நீரோட்டத்துக்கு அடிமையாவது. ஆழமின்மையாகிய இயற்கைக் காவலைக் கடக்க வல்லது அத்தகைய கலமே. நம் கடல்களின் ஆபத்து பெருமையில் இல்லை, தட்டைமையில் உள்ளது எனலாம்.

இவ்வரலாற்றின் அண்மைக்காலப் பகுதி இலங்கையோடும் தொடர்புடையது. 2024ஆம் ஆண்டு மார்ச் 26ஆந் திகதி, நள்ளிரவுக்குப்பின் ஒன்றரை மணியளவில், அமெரிக்காவின் பால்டிமோர்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட டாலி என்னுங் கப்பல், பிரான்சிஸ் ஸ்கொட் கீ பாலத்தின் தூணில் மோதியது. அக்கப்பல் செல்லவிருந்த துறைமுகம் கொழும்பு. அதிற் பணிபுரிந்த 21 பேருள் இருபதின்மர் இந்தியர், ஒருவர் இலங்கையர். மின்சாரம் இருமுறை அறுந்து கப்பல் கட்டுக்கு அடங்காதாயிற்று. கம்பியொன்றின் முனையில் ஒட்டிய பெயர்ச்சீட்டினால் அக்கம்பி செவ்வனே பொருந்தாது தளர்ந்திருந்ததே மூலகாரணம் என விசாரணையின் முடிவிற் கண்டனர். விரலளவான தவறு, விளைவோ பாலம் முழுவதும் வீழ்ந்தமை. மீகாமன் விடுத்த அபாய அழைப்பைக் கேட்ட காவலர் இரு கரையிலும் வாகனங்களை நிறுத்திப் பலர் உயிரைக் காத்தனர். ஆனால் அந்நள்ளிரவில் வீதியின் குழிகளை நிரப்பிக்கொண்டிருந்த தொழிலாளர்க்கு அச்செய்தி உரிய வேளையில் எட்டவில்லை. அவர்களுள் அறுவர் மாண்டனர். அனைவரும் பிழைப்பு நாடி அயல்நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்.

அப்பாலம் 1977ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் தூண்களைச் சூழச் சில காவற்றூண்கள் இருந்தன. அவை சிலவே, சிறியனவே. கப்பல் சாய்ந்து வந்தமையால் அவற்றைத் தீண்டாது தூணை அடைந்தது. 1991ஆம் ஆண்டின் விதிகள் கூறிய கணக்கைப் பழைய பாலங்களுக்கும் செய்து பார்த்திருந்தால், ஏற்கத்தக்க அளவினும் ஏறக்குறைய முப்பது மடங்கு ஆபத்தில் அப்பாலம் நின்றமை தெரிந்திருக்குமென அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2025ஆம் ஆண்டு மார்ச்சில் அறிவித்தது. மேலும் 68 பாலங்களுக்கு அக்கணக்கைச் செய்யுமாறு அது வேண்டிற்று. அறிவு இல்லாமையாலன்று, அறிந்ததைப் பழைய கட்டடங்களுக்குப் பொருத்திப் பாராமையாலேயே அப்பாலம் வீழ்ந்தது. கட்டிய நாளிற் போதியதாயிருந்த காவல், கலங்கள் வளர வளரப் போதாததாகும். பாலம் வளர்வதில்லை; கலம் வளர்கின்றது.

பாம்பனிற் பழைய பாலத்தின்மீது 2022ஆம் ஆண்டு டிசெம்பரிற் புகையிரதங்கள் நின்றன. அதனருகே கட்டிய புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆந் திகதி திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் கண்கள் 40 அடி, அதாவது 12.2 மீற்றர், அகலமுடையன. புதியதன் பக்கக் கண்கள் 18.3 மீற்றர். தூண்கள் குறைந்தமையால் மோதுதற்குரிய இடங்களும் குறைந்தன. கலங்கள் செல்லும் நடுக்கண் 72.5 மீற்றர் நீளமுடையது. இரு பக்கக் கோபுரங்களின் துணையால் 17 மீற்றர் உயரத்துக்கு நேராக எழும்புவது. கையாற் சுழற்றும் சக்கரம் போய் மின்பொறி வந்தது. ஆயினும் காத்திருக்குங் கலமும், அறுந்துவிடத்தக்க கயிறும், மாரிக்காலத்து நீரோட்டமும் முன்போலவே உள்ளன. பொறி புதிதாயினும் விழிப்புப் பழையதாகவே இருத்தல் வேண்டும்.

இக்கடலின்மேல் மேலும் இரண்டு எண்ணங்கள் உள்ளன. ஒன்று, பெருங்கப்பல்கள் செல்லுமாறு கடலை ஆழப்படுத்துஞ் சேதுசமுத்திரத் திட்டம். அது 2005ஆம் ஆண்டு ஜூலை 2ஆந் திகதி தொடங்கப்பெற்று, இடையில் வழக்கினால் நின்றது. மற்றது, இரு நாடுகளையும் தரைவழியால் இணைத்தல். இதன் இயலுமையை ஆராய 2023ஆம் ஆண்டு ஜூலையில் இரு அரசுகளும் உடன்பட்டன. ஒன்று கலத்துக்கு வழி. மற்றது பாலத்துக்கு வழி. இவற்றைத் தனித்தனியே எண்ணுவோர் பலர். இரண்டும் ஒருநாள் நிறைவேறுமாயின் அவை ஓரிடத்திற் சந்திக்கும் என்பதை எண்ணுவோர் சிலர். கடலை ஆழப்படுத்தும் நாளில், ஆழமின்மையாகிய காவலை நாமே அகற்றிவிடுகின்றோம். அகற்றிய காவலுக்கு ஈடாக வேறு காவலை அன்றே வகுத்தல் வேண்டும். பாலம் எழுந்தபின் வகுப்போமெனின், மரக்காய்போவும் ஹோபாட்டும் பால்டிமோரும் நமக்கு விடையாகும்.

ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை நோக்குமிடத்துத் தெளிவாகும் உண்மை இது. பாலங்களை வீழ்த்திய கலங்களுட் பல புயலால் வந்தவையல்ல. தளர்ந்த கம்பியாலும், பழுதுற்ற சுக்கானாலும், மறைந்த வழியாலும் வந்தவை. அத்தகைய தவறுகள் மனிதர் உள்ளவரை நிகழும். ஆகவே தவறே நிகழாதவாறு காத்தலினும், தவறு நிகழ்ந்தவிடத்து உயிர் போகாதவாறு காத்தலே அறிவுடையார் செயல். நம் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் கற்கும் மாணவருட் சிலர் நாளை பாலங்களை வரைவர். சிலர் கலங்களைச் செலுத்துவர். வரைபவர், தம் பாலத்தின்மேல் நள்ளிரவிற் குழி நிரப்பும் தொழிலாளியை எண்ணி வரைக. செலுத்துபவர், தம் வழியைக் குறுக்கறுத்துச் செல்லும் வழிப்போக்கனை எண்ணிச் செலுத்துக. நாணயத்திற் சேது என்று பொறித்த நம் முன்னோர்க்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவேயாகும்.